பனிமூட்டத்தில் ஷிப்டுக்கு ஓடும் உயிர்கள்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டு, சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நிற்பார்கள். கம்பெனி பஸ் சத்தம் கேட்டதும் செல்போன் டார்ச்சைப் போட்டு ஆட்டுவார்கள். இல்லாவிட்டால் ஆள் நிற்பதே டிரைவருக்குத் தெரியாது.

வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பி, மண்ணை ஊறவைத்துவிட்டுப் போகிறது. வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவில் தரை குளிர, மேலிருக்கும் ஈரக்காற்று மூட்டமாகிவிடுகிறது. போகிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2018 போகியன்று சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் ஆறு மணி ஷிப்டுக்கு டூவீலரில் விரையும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் "இன்று மெதுவாக வா" என்று சொல்லத்தான் ஆளில்லை. கம்பெனி பஸ் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பஞ்ச் தாமதமானால் சம்பளம் போய்விடுமே என்ற பயம் வேறு.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டரைத் தாண்டிவிடும். 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத பனியில், ஓரமாக நிற்கும் ட்ரெய்லரைக் கண்டு பிரேக் பிடிக்க மூன்று நொடிதான் அவகாசம். அந்த ட்ரெய்லர்கள் சிலவற்றின் பின்புறத்தைப் பகலில் பாருங்கள். ரிஃப்ளெக்டர் பட்டை சேற்றில் மறைந்திருக்கும், விளக்கு உடைந்து கிடக்கும். பிறருக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடுக்கிறது. அதை இரவு ரோந்தில் அமல்படுத்தினாலே பாதி ஆபத்து குறையும்.

வருடத்தில் சில நாள்தானே என்று விட்டுவிடுவது பெரிய தவறு. வடக்கே யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை வேக வரம்பையே குறைக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இங்கும் அதைச் செய்யலாம். தொழிற்பேட்டையை நடத்தும் சிப்காட், பஸ் நிற்கும் இடங்களில் கூரையும் விளக்கும் போட்டுத் தரவேண்டும். பனி நாளில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று ஆலைகளை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் அறிவுறுத்தவேண்டும். வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்துக்கும் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இழப்பீடு உண்டு. அதை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் தெரியும்படி ஆலை கேட்டிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மழைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டம் போடும் அதிகாரிகள், அடுத்த கூட்டத்திலேயே பனியையும் விவாதப் பொருளில் சேர்க்கட்டும்.