அட்டை பிடிபடும்... திமிங்கிலம் தப்பும்!

"இலங்கைக்குக் கடத்த முயன்ற கடல் அட்டைகள் பறிமுதல். 2 பேர் கைது." மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தச் செய்தி பேப்பரில் வந்துவிடும். கூடவே ஒரு போட்டோ. முன்னால் சாக்கு மூட்டை, பிளாஸ்டிக் கேன். நடுவில் லுங்கி கட்டிய இரண்டு பேர் தலை குனிந்து நிற்பார்கள். பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்பார்கள். ஊர் மட்டும் மாறும். ஒரு நாள் மண்டபம், ஒரு நாள் தொண்டி, ஒரு நாள் தூத்துக்குடி.

கோலியனூர் டீக்கடையில் பேப்பர் படிப்பவர் இதைப் பார்த்து "அட்டையைக் கூடவா கடத்துவாங்க?" என்று சிரித்துவிட்டு சினிமா பக்கத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கடல் அட்டையைச் சமைத்துச் சாப்பிடுபவர் யாரும் இல்லை. கடலில் பிடித்து, வேக வைத்து, மணலில் புதைத்து, தோல் உரித்து, மறுபடி வேக வைத்து, காய வைத்து அனுப்புவதெல்லாம் சீனா, ஹாங்காங், சிங்கப்பூர் விருந்து மேசைகளுக்குத்தான்.

ஆனால் அந்த அட்டை வேலை செய்யும் பிராணி. வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு அது அப்படி. அடிமணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளும். அது அழிந்தால் கடல் தரை கெடும், பிறகு மீனும் குறையும். எனவே அதைக் காப்பாற்ற வேண்டுமா என்பதில் சண்டை இல்லை. இப்போது நடக்கும் காவல் அதைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் பழைய கதை. 1982ல் 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டைகளை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. 2001 ஜூலையில் எல்லா வகைக் கடல் அட்டைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதாவது புலி இருக்கும் பட்டியல்! பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதே அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்களும் மொத்தமாகச் சேர்க்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு டிசம்பரில் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டன. அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக சீன வியாபாரத்தைப் பார்த்த கடற்கரையில், ஒரே காகிதத்தில் தொழில் குற்றமாகிவிட்டது.

சரி, தடைதான் வந்துவிட்டதே, கடத்தல் நின்றதா? 2015 முதல் 2020 வரை இந்திய, இலங்கைக் கடல்களில் பிடிபட்டது மட்டும் சுமார் 65 டன், கைதானவர்கள் 500 பேர் என்கிறது ஓஷன்ஸ் ஏசியா அமைப்பின் கணக்கு. பிடிபட்டதே இவ்வளவு என்றால் பிடிபடாதது எவ்வளவு? யோசித்துப் பாருங்கள்.

காரணம் ரொம்ப எளிது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் தூரத்தை விடக் குறைவு. இந்தக் கரையில் அட்டை வைத்திருப்பவன் குற்றவாளி. அந்தக் கரையில் லைசென்ஸ் இருந்தால் வியாபாரி. 1974லும் 1976லும் இரண்டு அரசுகளும் கடலில் கோடு கிழித்தன. அட்டைக்கு அந்தக் கோடு தெரியாது. கடத்தல்காரனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். கோட்டைத் தாண்டிவிட்டால் இந்திய அட்டை இலங்கை அட்டையோடு கலந்து, முறையான பில்லோடு கப்பல் ஏறிவிடும். அதன்பின் எந்த அதிகாரி எதை வைத்துப் பிரிப்பார்?

இந்த லட்சணத்தில் காவல் முழுவதும் கரையிலேயே நிற்கிறது. மாட்டுபவர்கள் யார்? கூலிக்கு மூழ்குபவர், படகோட்டி, வண்டி ஓட்டி. வலையில் தானாக வந்து விழுந்த அட்டையைக் கடலில் திருப்பிப் போடாத மீனவரும் இதில் சேர்த்தி. முன்பணம் கொடுத்தவனும் அக்கரையில் வாங்குபவனும் வெளிநாட்டில் விலை பேசுபவனும் அந்த போட்டோவில் இருப்பதில்லை. உயிரோடு பிடிபட்ட அட்டையைக் கடலில் விடலாம். வேக வைத்த அட்டையைக் கோர்ட் அனுமதி வாங்கி அழிக்கத்தான் முடியும். செத்த அட்டையை எடை போட்டு மதிப்பு சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஐரோப்பாவில் இதே கதை விலாங்கு மீனுக்கு நடக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் அதன் குஞ்சுகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப 2010ல் தடை வந்தது. இன்றும் சூட்கேஸில் தண்ணீர்ப் பைகளாக விமானம் ஏறுகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பல நாட்டுப் போலீசும் யூரோபோலும் சேர்ந்து முழுச் சங்கிலியையும் துரத்துகிறார்கள். இன்னொரு வித்தியாசம் அதைவிடப் பெரியது. விலாங்கைப் பண்ணைக்குத் தேவையான அளவில் குஞ்சு பொரிக்க வைக்க இன்னும் முடியவில்லை. கடல் அட்டையை முடியும்! 1988லேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டிவிட்டது. கையில் இருக்கும் வித்தையைப் பெட்டியில் பூட்டிவிட்டு, கரையில் சாக்கு மூட்டையை எண்ணிக்கொண்டிருக்கிறது அரசு.

"அப்போ தடையை எடுத்துடலாமா?" என்று சிலர் உடனே கேட்பார்கள். கூடாது. அட்டை ஓடாது, கடிக்காது, மெதுவாக வளரும். குனிந்து பொறுக்கினால் போதும். இன்று தடையைத் தூக்கினால் சில வருடங்களில் மன்னார் வளைகுடா துடைத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் "தடை இருக்கிறது, வேலை முடிந்தது" என்று கையைக் கட்டிக்கொள்வதும் அதே அளவு பொய்.

செய்ய வேண்டியது நான்குதான்.

1. கடலில் எவ்வளவு அட்டை இருக்கிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். கணக்கில்லாத தடை வெறும் நம்பிக்கை.

2. கூலி ஆளோடு வழக்கை முடிக்காமல் பணம் போன வழியைத் தோண்ட வேண்டும்.

3. இலங்கையோடு ஒப்பந்தம் போட்டு, ஏற்றுமதியாகும் அட்டை எந்தக் கடலில் எடுத்தது என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும்.

4. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த அட்டையைக் கடலில் விடவும், கண்காணிப்போடு வளர்க்கவும் கடலோர கிராமச் சங்கங்களுக்கு வழி செய்ய வேண்டும். கம்பெனிகளுக்கு அல்ல. பண்ணை வேலிகள் கடலை அடைக்கின்றன என்று வட இலங்கையில் தமிழ் மீனவர்களே 2022ல் போராடியதை மறந்துவிடக் கூடாது.

இதில் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் வேலை இல்லை. ஆனால் இதற்கெல்லாம் போட்டோ எடுக்க முடியாது. மூட்டையும் கைதியும்தான் படத்தில் நன்றாக விழும்.

2001க்குப் பிறகு கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. மண்டபத்தில் ஒருவர் ஜெயிலுக்குப் போனால் அடுத்த வாரம் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். ஏனென்றால் பசி அதே இடத்தில் இருக்கிறது, முதலாளியும் அதே இடத்தில் இருக்கிறான். காலியாவது கடல் மட்டும்தான்.