பழைய ஆடியோ கேம்கள்: கடையை மூடுபவர்கள் சாவியைத் தந்துவிட்டுப் போகட்டும்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. புது லேப்டாப் வாங்கியும், பழையதை அப்டேட் செய்தும் பலர் விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டார்கள். பெரும்பாலானோருக்கு இது ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்த கதை, அவ்வளவுதான். ஆனால், காதால் கேட்டே கேம் ஆடும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒவ்வொரு முறை ஓஎஸ் மாறும்போதும் ஒரே கவலைதான்: ‘நம்ம பழைய கேம் இதுல ஓடுமா?’

ஆடியோ கேம்னா என்ன?

இதில் திரையைப் பார்க்கத் தேவையே இல்லை. ஹெட்போனில் இடது காதில் உறுமல் கேட்டால் எதிரி இடப்பக்கம் இருக்கிறான். காலடிச் சத்தம் எதிரொலித்தால் பெரிய அறைக்குள் நுழைந்திருக்கிறோம். ஒலிதான் இங்கே மேப்.

2001-ல் ஜிஎம்ஏ கேம்ஸ் வெளியிட்ட ‘ஷேட்ஸ் ஆஃப் டூம்’, ‘டூம்’ பாணி துப்பாக்கிச் சண்டையை ஒலியாலேயே கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1997-ல், ஜப்பானின் கென்ஜி ஈனோ சேகா சாட்டர்னுக்காகப் படமே இல்லாத ‘ரியல் சவுண்ட்’ கேமை உருவாக்கினார். பார்வையற்றவர்களுக்கு 1,000 சாட்டர்ன் கருவிகளை சேகா இலவசமாகத் தர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

சேகா மாதிரி பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் வந்தது அபூர்வம். பெரும்பாலான ஆடியோ கேம்கள் ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து எழுதியவை. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த கேமுக்கு அப்டேட் வராது. பார்வையுள்ளவர்களுக்கு ஒரு கேம் போனால் ஆயிரம் கேம் இருக்கிறது. இவர்களுக்கு அலமாரியே சின்னது. அதில் ஒன்று போனாலும் இடம் காலியாவது தெரியும்.

ஏன் ஓடுவதில்லை?

2000-களின் தொடக்கத்தில் வந்த பல ஆடியோ கேம்கள் விஷுவல் பேசிக் 6-ல் எழுதப்பட்டவை. அந்த மொழியில் எழுதிய புரோகிராம்கள் ஓடத் தேவையான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11-லும் இருக்கின்றன. ஆனால், அந்த மொழி டைரக்ட்எக்ஸ் 8-உடன் பேசுவதற்கான கோப்பை விஸ்டாவிலிருந்தே மைக்ரோசாஃப்ட் சேர்ப்பதில்லை. கேமை கிளிக் செய்தால் ஒரு எர்ரர் செய்தி மட்டும் வரும்.

அடுத்தது ஒலி. 2007-ல் விஸ்டா கடைக்கு வந்தபோது, டைரக்ட்சவுண்ட் கேம்கள் சவுண்டு கார்டை நேரடியாகப் பயன்படுத்தும் வழி அடைக்கப்பட்டது. அறையின் எதிரொலி போன்றவற்றுக்கு சவுண்டு கார்டை நம்பியிருந்த கேம்களில் அந்த விளைவுகள் காணாமல்போயின. மற்றவர்களுக்கு அது பின்னணிச் சத்தம். இவர்களுக்கோ மேப்பில் பாதி கிழிந்துபோன மாதிரி.

மூன்றாவது, 64 பிட். விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களுக்கு 64 பிட்டில் மட்டுமே வருகிறது. அதில் 16 பிட் புரோகிராம்கள் ஓடாது. சில பழைய கேம்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட். வீடு நன்றாகத்தான் இருக்கிறது, வாசல்தான் திறக்கவில்லை!

அப்போ வழியே இல்லையா?

நிறைய கேம்களுக்கு இருக்கிறது.

• கேமை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைக்காமல் தனி ஃபோல்டரில் வைக்கலாம். விஸ்டாவுக்குப் பிறகு அந்த இடத்தில் எழுத அட்மின் அனுமதி தேவை. ஸ்கோரும் சேவ் செய்த ஆட்டமும் காணாமல்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

• விடுபட்ட டைரக்ட்எக்ஸ் கோப்பைச் சேர்த்து, அட்மின் அனுமதியோடு ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் கோப்புகள் போக வேண்டிய இடம் ‘சிஸ்டம்32’ அல்ல, ‘சிஸ்வாவ்64’. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் பலர் தவறுவது இங்கேதான். கிடைத்த தளத்திலிருந்தெல்லாம் இந்தக் கோப்பை டவுன்லோடு செய்வது ஆபத்து. பழைய கேமின் சிடி அல்லது இன்ஸ்டாலருக்குள்ளேயே அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

• இழந்த 3டி ஒலியை மீட்க ‘டிஎஸ்ஓஏஎல்’ போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கேம் டைரக்ட்சவுண்டிடம் கேட்பதை ஓபன்ஏஎல் மூலம் நிறைவேற்றித் தருவது இதன் வேலை.

• கேமும் ஸ்கிரீன் ரீடரும் ஒரே கீக்குப் போட்டி போட்டால், என்விடிஏவில் ‘ஸ்லீப் மோட்’ இருக்கிறது. டெஸ்க்டாப் அமைப்பில் என்விடிஏ கீயுடன் ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் அந்த கேமுக்குள் மட்டும் என்விடிஏ ஒதுங்கிக்கொள்ளும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் கடைசி வழி, விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸ். ஆனால், அதில் ஒலி சற்றுத் தாமதமாக வரலாம். சத்தம் கேட்ட நொடியில் சுட வேண்டிய கேமில் அந்தத் தாமதமே தோல்வி.

டெக்னாலஜி மட்டுமா பிரச்சினை?

மேலே சொன்னவை எல்லாம் பொறுமை இருந்தால் தாண்டக்கூடியவை. தாண்ட முடியாதது பூட்டு. காசுக்கு விற்கப்பட்ட பல கேம்களின் ரிஜிஸ்ட்ரேஷன் கீ ஒரே கம்ப்யூட்டருக்குத்தான் செல்லும். கம்ப்யூட்டர் மாறினால் புது கீ வாங்க வேண்டும். தர வேண்டியவர் கடையை மூடிவிட்டால்? கேம் ஓடும் நிலையில் இருக்கும், காசு கொடுத்து வாங்கியவர் ஆட முடியாது.

மொபைலிலும் இதே கதை. 2010-ல் ஐபோனுக்கு வந்து புகழ்பெற்ற ‘பாப்பா சாங்ரே’ இன்று ஆப் ஸ்டோரில் இல்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்கள் மொத்தமாக நின்றுபோயின. ஆண்ட்ராய்டு 14-ம் மிகப் பழைய ஆப்களை வழக்கமான முறையில் இன்ஸ்டால் செய்ய விடுவதில்லை. கம்ப்யூட்டரிலாவது நோண்டிப் பார்க்க இடம் உண்டு. போனில் அதுவும் குறைவு.

பார்வையுள்ளவர்களின் கேம்களே தப்பவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அவற்றைப் பாதுகாக்க மியூசியங்களும் ரசிகர் படையும் உண்டு. ஆடியோ கேம்களுக்கு இருப்பது அதை ஆடும் சிறு கூட்டம் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

பார்வையற்றவர்களுக்குப் புத்தகங்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் காப்புரிமையில் விலக்கு தரும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-ல் உருவானது. 2014-ல் அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. ஆனால், அது எழுத்து வடிவப் படைப்புகளுக்கானது. கேம்கள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. படிக்கும் உரிமையை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பொழுதுபோக்கு இன்னும் ‘அப்புறம் பார்க்கலாம்’ பட்டியலில்தான் இருக்கிறது.

தனி ஆளாக கேம் எழுதியவர் ஆயுள் முழுக்க அப்டேட் தர வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. கிடைத்த வருமானமும் சொற்பமாகவே இருந்திருக்கும். கேட்கக்கூடியது ஒன்றுதான்: போகும்போது பூட்டைத் திறந்துவிட்டுப் போகலாம். கீ கேட்காத கடைசிப் பதிப்பு ஒன்று போதும். முடிந்தால் சோர்ஸ் கோடையும் வெளியிடலாம்.

அதனால் என்ன பலன் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஆடியோ கேம்கள் எழுதப் பலரும் பயன்படுத்திய பிஜிடி என்ற கருவியின் வளர்ச்சி நின்றுபோனது. அதில் செய்த கேம்களை ஆன்டிவைரஸ்கள் தப்பாக வைரஸ் என்று தடுக்கவும் செய்தன. அதன் பாணியிலேயே உருவான என்விஜிடி, 2024-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியானது. பழைய சோர்ஸ் கோடு கையில் இருந்தால், சில மாற்றங்களோடு அந்த கேம் புது கம்ப்யூட்டரில் மறுபடி பிறக்கலாம். கோடு இல்லையென்றால் அதை உயிர்ப்பிக்க எந்தப் புதுக் கருவியாலும் முடியாது.

ஓஎஸ் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு கோப்பை நீக்குவதால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இவர்கள் எப்போதும் சிறுபான்மைதான். அவர்களுக்கு மாற்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயமான கணக்கு.