மரக்கால் யார் கையில்?

“சர்க்கார் ஆட்களைக் குறை! வேலையைக் காண்டிராக்டில் விடு! செலவு குறையும், சேவை சிறக்கும்!” இந்தப் பல்லவியை நாடு நாடாகப் பாடி வருகிறார்கள். எதிர்த்துக் கேட்டால், “உனக்கு என்ன தெரியும்? இது படித்த நிபுணர்கள் சமாச்சாரம்” என்று வாயை அடைக்கிறார்கள்.

சரி, நிபுணர் ஒருவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். அவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஹூட். சர்க்கார் எப்படி நடக்கிறது, அதன் சேவை ஜனங்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். கிளாஸ்கோ, லண்டன், ஆக்ஸ்போர்டு என்று பல்கலைக்கழகங்களில் உயர்ந்தவர். 2004 முதல் 2010 வரை, பொதுச் சேவைகளைப் பற்றிச் சர்க்கார் பணத்தில் நடந்த பெரிய ஆராய்ச்சித் திட்டத்துக்கே தலைமை வகித்தவர்.

அவர் ஆராய்ந்த விஷயம் என்ன?

கடைக்காரர் கையில் கோட்டை

1979இல் பிரிட்டனில் தாட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்தார். சர்க்காரில் சிக்கனம் செய்ய யோசனை சொல்லும்படி, பிரபலக் கடைக் கம்பெனி ஒன்றின் நிர்வாகி டெரெக் ரேனரை அழைத்தார். 1983இல், ஆஸ்பத்திரிகளில் துப்புரவு, சலவை, சமையல் ஆகிய வேலைகளுக்கு டெண்டர் விடும்படி உத்தரவு பறந்தது. 1988இல், குப்பை அள்ளுவது போன்ற நகரசபை வேலைகளையும் டெண்டருக்கு விட வேண்டுமென்று சட்டமே வந்தது. இந்த ஏற்பாட்டுக்குப் ‘புதிய பொது நிர்வாகம்’ என்ற பெயர் உலகெங்கும் நிலைக்கக் காரணமானது ஹூட் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை. எல்லாக் காலத்துக்கும் இந்த ஒரே மருந்துதானா என்று அதன் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்.

துடைப்பம் பிடித்த கை சொன்னது

ஆனால் பேராசிரியருக்கு முன்பே கேள்வி கேட்டவர்கள் உண்டு. 1984இல் பார்க்கிங் ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். காண்டிராக்ட் கம்பெனி அவர்களுடைய வேலை மணியை வெட்டியது, சம்பளத்தையும் வெட்டியது. அதே வார்டு, அதே படுக்கை, அதே நோயாளி. மணி மட்டும் குறைந்தால் அழுக்கு எங்கே போகும்? இதைப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் போக வேண்டுமா? இரண்டு ஆள் பார்த்த இயந்திரத்தை ஒரு ஆள் தலையில் கட்டும்போது என்ன நடக்கும் என்று பஞ்சாலைத் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வார்!

30 வருஷக் கணக்கு

2015இல் ஹூட்டும் ரூத் டிக்சன் என்ற ஆராய்ச்சியாளரும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். முப்பது வருஷக் கணக்கைத் துருவிய புத்தகம். அது சொல்வதென்ன? மத்திய சர்க்கார் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. நிர்வாகச் செலவு குறைந்ததா? இல்லை. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் 100க்கு 40 வீதம் ஏறிவிட்டது! சேவையாவது சிறந்ததா? அதுவும் இல்லை. ஜனங்களின் புகார்களும் கோர்ட்டு வழக்குகளும் பெருகின. ஆள் போனான், காசும் போயிற்று, சேவையும் போயிற்று!

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். செலவுக் கணக்கின் தலைப்புகளும் இலக்கணமும் அடிக்கடி மாற்றப்பட்டிருந்தன. போன வருஷத்துக் கணக்கோடு இந்த வருஷத்துக் கணக்கை ஒட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. நமது விவசாயத் தொழிலாளிக்கு இது புதிதா? களத்துமேட்டில் நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் வைத்திருந்த மிராசுதாரை நாம் பார்த்ததில்லையா?

8 நிமிஷ வித்தை

2006இல் ஹூட் இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதினார். உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 100க்கு 75க்காவது 8 நிமிஷத்துக்குள் ஆம்புலன்ஸ் போக வேண்டும் என்பது இலக்கு. சில இடங்களில், தாமதமாகப் போன வண்டியின் நேரத்தை எட்டு நிமிஷத்துக்குள் வரும்படி திருத்தி எழுதினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் 4 மணிக்கு மேல் யாரும் காத்திருக்கக் கூடாது என்பது வேறொரு இலக்கு. கதவுக்குள் வந்தால்தானே கடிகாரம் ஓடும்? நோயாளியை வெளியே வண்டியிலேயே வைத்திருந்தார்கள்!

இந்தத் தில்லுமுல்லை அவர் சோவியத் ஆலைகளில் இலக்கை எட்டக் காட்டிய பொய்க் கணக்கோடு ஒப்பிட்டார். நமக்கு அது கசக்கிறது. கசந்தாலும் மறுக்க மாட்டோம். மேலே இருந்து இலக்கைப் போட்டு, கீழே இருப்பவன் வாயைக் கட்டினால், எந்த நாட்டிலும் பொய்க் கணக்குத்தான் விளையும்.

நமது வழக்கு

ஹூட் நேர்மையாகக் கணக்குப் பார்த்தார், கண்டதைச் சொன்னார். அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் 1984இல் துப்புரவுப் பெண்கள் எழுப்பிய குரலுக்கு 2015இல்தான் ஏட்டில் இடம் கிடைத்தது. 31 வருஷம்! இடையில் போன வேலையை யார் திருப்பித் தருவார்? புத்தகம் வந்த பிறகாவது ஆள்வோர் திருந்தினார்களா? 2018 ஜனவரியில் காரிலியன் என்ற மாபெரும் காண்டிராக்ட் கம்பெனி திவாலானது. சுமார் 450 சர்க்கார் காண்டிராக்டுகள் அதன் கையில் இருந்தன. லிவர்பூல் நகரில் அது கட்டிய ஆஸ்பத்திரி பாதியில் நின்றது.

ஆகவே தோழர்களே, படிப்பை நாம் பழிக்கவில்லை. ஆராய்ச்சி வேண்டும். நம் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் ஏறி இதே ஆராய்ச்சியைச் செய்ய வேண்டும். ஆனால் தீர்ப்பு எழுதும் வரை வாய் மூடி இருக்க மாட்டோம். எங்கேனும் ஒரு சேவையைக் காண்டிராக்டில் விடப் புறப்பட்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இன்றைய செலவு என்ன? நாளைய செலவை இதே தலைப்பில் பகிரங்கமாகக் காட்டுவாயா? அளக்கும் இடத்தில் உழைப்பவனும் நோயாளியும் உட்காரலாமா?

இதற்குப் பதில் சொல்லாத சிக்கனம் சிக்கனமல்ல, கொள்ளை! மரக்காலை நம் கண்ணெதிரே வைத்து அளக்கட்டும்!