சளிக்காய்ச்சலைச் சாதாரணமாக எண்ணலாமா?

“வெறும் சளிக்காய்ச்சல்தான்; இரண்டு நாளில் சரியாகிவிடும்.” சிங்கப்பூரில் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காய்ச்சலோடு தேர்வெழுத வரும் மாணவரையும் இருமிக்கொண்டே வேலைக்கு வரும் ஊழியரையும் கடமை தவறாதவர்கள் என்று பலர் பாராட்டுகின்றனர். அந்தப் பாராட்டு பொருத்தமானதுதானா? சளிக்காய்ச்சல் ஒருவரோடு நின்றுவிடும் நோயன்று. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவி, இறுதியில் அதைத் தாங்க முடியாத ஒருவரைச் சென்றடையக்கூடும். ஆகவே, தடுப்பூசி போட்டுக்கொள்வதையும் நோயுற்ற நாளில் வீட்டில் தங்குவதையும் தனிப்பட்ட விருப்பம் என்று மட்டும் கருதிவிட முடியாது. அவை உடன் வாழ்பவர்களுக்குச் செய்யும் கடமையும் ஆகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மூக்கு ஒழுகுவதையும் தொண்டைக் கரகரப்பையும் எல்லாரும் பொதுவாகச் ‘சளி பிடித்திருக்கிறது’ என்றே சொல்கிறார்கள். ஆனால், சாதாரணச் சளியும் ‘இன்ஃபுளுவென்சா’ எனப்படும் சளிக்காய்ச்சலும் வெவ்வேறு கிருமிகளால் ஏற்படுபவை. சாதாரணச் சளி மெல்ல மெல்லத் தோன்றும். சளிக்காய்ச்சலோ திடீரென்று தாக்கும். கடுமையான காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல், அளவுகடந்த சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் தேறிவிடுகின்றனர். ஆயினும், முதியோர், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயநோய், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு அது நிமோனியாவாக மாறலாம்; உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம். உலகில் ஆண்டுதோறும் 30 முதல் 50 இலட்சம் பேர் சளிக்காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர் என்றும், 2,90,000 முதல் 6,50,000 பேர்வரை அதனால் ஏற்படும் சுவாசக் கோளாறுகளால் இறக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இத்தகைய நோயை ‘வெறும்’ என்ற சொல்லால் ஒதுக்கிவிட முடியுமா?

குளிர்நாடுகளில் சளிக்காய்ச்சல் குளிர்காலத்தில்தான் அதிகமாகப் பரவுகிறது. சிங்கப்பூரில் குளிர்காலமே இல்லாததால் இங்கு அத்தகைய பருவம் கிடையாது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. வெப்பமண்டல நாடான சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் பரவிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், பிறகு மே முதல் ஜூலை வரையிலும் அது கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த மாதங்களில்தான் பள்ளி விடுமுறைகளும் வெளிநாட்டுப் பயணங்களும் குடும்பக் கொண்டாட்டங்களும் வருகின்றன. பெருவிரைவு ரயிலிலும் மின்தூக்கியிலும் குளிரூட்டப்பட்ட துணைப்பாட வகுப்பிலும் மக்கள் நெருங்கியிருக்கும் நகரம் இது. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில் வாழும் குடும்பங்களும் பல. எனவே, பள்ளியில் தொற்றும் கிருமி விரைவிலேயே பாட்டியின் அறைக்குச் சென்றுவிடலாம்.

இந்நோயைத் தடுக்க இன்றுள்ள சிறந்த வழி தடுப்பூசி. ஆனால், அதை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பது பலருக்குச் சலிப்பைத் தருகிறது. சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் சிறுவயதிலேயே போட்டுமுடித்த ஊசிபோல் இதுவும் ஏன் இருக்கக்கூடாது என்று அவர்கள் கேட்கின்றனர். சளிக்காய்ச்சல் கிருமி தன் தோற்றத்தைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். சென்ற ஆண்டின் கிருமியை அடையாளம் கண்டுகொண்ட உடல், இவ்வாண்டின் கிருமியை அறியாமல் போகலாம். அதோடு, தடுப்பூசி தரும் பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. 1952ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புக் கட்டமைப்பு பல நாடுகளிலிருந்து கிருமி மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்து வருகிறது. அதன் அடிப்படையில் வடகோளத்திற்கான தடுப்பூசியில் எந்தக் கிருமிவகைகள் இடம்பெற வேண்டும் என்று பிப்ரவரியிலும், தென்கோளத்திற்குச் செப்டம்பரிலும் பரிந்துரை செய்யப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் போடப்படும் ஊசி பெரும்பாலும் பழைய ஊசியின் மறுபடியன்று. புதிதாகக் கணித்து உருவாக்கப்பட்ட ஒன்று.

“ஊசி போட்டும் எனக்குக் காய்ச்சல் வந்ததே!” என்பது தடுப்பூசியை எதிர்ப்போர் முதலில் முன்வைக்கும் வாதம். அதில் உண்மை இருக்கலாம். எந்தத் தடுப்பூசியும் முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை. பரவும் கிருமியோடு தடுப்பூசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில், சளிக்காய்ச்சலுக்காக மருத்துவரை நாடவேண்டிய வாய்ப்பு ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு குறைகிறது. மீறி நோய் வந்தாலும் அதன் கடுமை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கனமழையில் குடை பிடித்துச் செல்பவரின் கால்கள் நனையத்தான் செய்கின்றன. அதனால் குடையே வேண்டாம் என்று யாரும் தூக்கி எறிவதில்லை. மேலும், ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் கிருமி தொற்றினால், பழி ஊசியின்மேல் விழுந்துவிடுகிறது.

ஊசியே சளிக்காய்ச்சலை உண்டாக்குகிறது என்பது இன்னொரு வாதம். பரவலாகப் போடப்படும் ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமியோ அதன் ஒரு பகுதியோதான் உள்ளது. அதனால் சளிக்காய்ச்சலை ஏற்படுத்த முடியாது. ஊசி போட்ட இடத்தில் வலி, இலேசான காய்ச்சல், உடல்வலி ஆகியவை ஓரிரு நாள் இருக்கலாம். உடல் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும்போது அவை தோன்றுவது இயல்பு. முன்பு தடுப்பூசியால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசியபின் முடிவெடுக்க வேண்டும்.

“நான் இளைஞன், எனக்கு ஒன்றும் ஆகாது” என்பது மூன்றாவது வாதம். வரலாறு இதற்கு மாறாகவும் பேசுகிறது. 1918ஆம் ஆண்டில் உலகையே உலுக்கிய கொள்ளைநோய் சிங்கப்பூரையும் மலாயாவையும் விட்டுவைக்கவில்லை. உலகெங்கும் அந்நோய்க்கு இரையானவர்களில் உடல்வலிமை மிக்க இளையர்கள் பலர். 2009இல் பரவிய எச்1என்1 சளிக்காய்ச்சலும் இளம் வயதினரைப் பெரிதும் பாதித்தது. ஆயினும், வழக்கமான ஆண்டுகளில் உடல்நலமுள்ள இளையர் விரைவில் குணமடைகின்றனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவர் குணமடைகிறார் என்பது உண்மை. ஆனால், அவரிடமிருந்து நோயைப் பெற்றவரும் அவ்வாறே குணமடைவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு சில பிரிவினருக்குப் பரிந்துரைக்கிறது. 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும், கர்ப்பிணிகளும், குறிப்பிட்ட சில நோய்கள் உள்ளவர்களும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். 2023இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்துள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள், தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளைத் தாங்கள் பதிவு செய்துள்ள மருந்தகத்தில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். அப்படியிருந்தும் சில முதியோர் தயங்குகின்றனர். சிலருக்குத் தனியே செல்ல முடிவதில்லை. சிலருக்கு இணையத்தில் முன்பதிவு செய்யத் தெரிவதில்லை. இங்குதான் வீட்டிலுள்ள இளையர்களின் உதவி தேவைப்படுகிறது. ஆஸ்துமா போன்ற நோய் இல்லாத உயர்நிலைப்பள்ளி மாணவர் இப்பட்டியலில் இல்லை. அவர் ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றிப் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். ஆனால், தாத்தாவுக்காக முன்பதிவு செய்து, அவருடைய கையைப் பிடித்துப் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல எந்த மாணவருக்கும் முடியும்.

தடுப்பூசி மட்டும் போதாது. சளிக்காய்ச்சல் உள்ளவர், அறிகுறிகள் தோன்றுவதற்கு ஒருநாள் முன்பே நோயைப் பரப்பத் தொடங்கிவிடலாம். ஆகவே, சவர்க்காரம் இட்டு இருபது விநாடி கைகழுவுதல், இருமும்போதும் தும்மும்போதும் மெல்லிழைத்தாளால் வாயையும் மூக்கையும் மூடுதல், உடல்நலம் குன்றியபோது முகக்கவசம் அணிதல் ஆகியவை அன்றாடப் பழக்கங்களாக வேண்டும். இவற்றால் பெரிய பயன் இல்லை என்று நினைப்பவர்கள் கொவிட்-19 காலத்தை நினைவுகூரலாம். அப்போது உலகெங்கும் மக்கள் முகக்கவசம் அணிந்து, கூட்டங்களையும் பயணங்களையும் தவிர்த்தனர். சளிக்காய்ச்சல் பல நாடுகளில் ஏறக்குறைய மறைந்தேபோனது. ‘பி யமகாட்டா’ என்ற கிருமிவகை மார்ச் 2020க்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால், தடுப்பூசியில் அவ்வகையைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் இப்போது கூறுகிறது.

வீட்டு மருத்துவத்திற்கும் இடம் உண்டு. மிளகு ரசமும் இஞ்சித் தேநீரும் தொண்டைக்கு இதம் தரும். நோயாளிக்குத் தேவையான நீரையும் அளிக்கும். ஆனால், அவை தடுப்பூசிக்கு ஈடாகா. அதுபோலவே, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரசால் வரும் சளிக்காய்ச்சலைக் குணப்படுத்துவதில்லை. அவற்றைக் கேட்டு மருத்துவரை வற்புறுத்துவது தவறு. திருக்குறளில் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் வள்ளுவர் அளவறிந்து உண்பதைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். அளவான உணவு, போதிய உறக்கம், உடற்பயிற்சி ஆகியவை உடலை வலுவாக வைத்திருக்கும். தேர்வுக் காலத்தில் உறக்கத்தை முதலில் கைவிடும் மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, நோயுற்ற நாளில் வீட்டில் தங்குவதுதான். ஒருநாள் விடுப்பு எடுத்தால் பாடம் தவறிவிடும் என்ற அச்சம் மாணவருக்கு உண்டு. வேலைக்குச் செல்லாவிட்டால் வருமானம் போய்விடும் என்ற கவலை வாடகை வாகன ஓட்டுநருக்கும் உணவங்காடிக் கடைக்காரருக்கும் உண்டு. இந்தக் கவலைகளை அலட்சியம் செய்துவிட்டு, “வீட்டில் இரு” என்று அறிவுரை கூறுவது எளிது. ஆகவே, பொறுப்பு நோயுற்றவருக்கு மட்டும் உரியதன்று. நண்பர்கள் பாடக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆசிரியர்கள் தவறிய தேர்வுக்கு மாற்று வாய்ப்பளிக்கலாம். முதலாளிகள் மருத்துவ விடுப்பு எடுக்கும் ஊழியரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காமல் இருக்கலாம். ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவரைப் பாராட்டும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். காய்ச்சலோடு வகுப்புக்கு வந்து பெற்ற முழு வருகைப் பதிவு, பக்கத்து இருக்கை மாணவரின் வீட்டிலுள்ள கைக்குழந்தையைப் படுக்கையில் தள்ளியிருந்தால், அது பெருமைக்குரியதாகுமா?

வருமுன் காப்பது அறிவுடைமை என்பதை எல்லாரும் ஏற்கின்றனர். அந்த அறிவுரையில் காக்கப்பட வேண்டியவர் தாம் மட்டுமே என்று எண்ணுவதுதான் குறை. ஒருவர் போட்டுக்கொள்ளும் ஊசியும், கழுவும் கைகளும், எடுக்கும் ஒருநாள் ஓய்வும் அவர் பெயர்கூட அறியாத ஒரு முதியவரை மருத்துவமனைக்குச் செல்லாமல் காத்திருக்கலாம். அதற்காக அவருக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. ஆனாலும் அது செய்யத்தக்கதே.