மார்புக் காயத்தின் அகலத்தை அளக்காதீர்கள்

“அரை அங்குலக் கீறல்தான். ரத்தமும் நின்னுடுச்சு. ரெண்டு தையல் போட்டு ஒரு டி.டி. ஊசி குத்திவிட்டா வீட்டுக்குப் போயிடலாம்.” மார்பில் கத்தியோ கண்ணாடிச் சில்லோ பட்டு வருகிறவரும், அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறவரும் இப்படித்தான் நம்புகிறார்கள். சில நேரம் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவரும் நம்பிவிடுகிறார். இந்த நம்பிக்கை உயிரைப் பறிக்கும்.

கையிலும் காலிலும் வெட்டுப் பட்டால் அகலமும் ரத்தமும் ஓரளவு உண்மையைச் சொல்லும். நெஞ்சில் சொல்லாது. ஒல்லியான ஆளுக்குத் தோலுக்கும் நுரையீரலைச் சுற்றிய சவ்வுக்கும் நடுவே இருப்பது சில சென்டிமீட்டர் சதைதான். ஒடுக்கமான கத்தி உள்ளே போய் வெளியே வந்ததும் தோல் தானாகச் சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். குத்துப்பட்டபோது அவர் கையைத் தூக்கியிருந்தால், தோலின் ஓட்டையும் அடியிலுள்ள சதையின் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்காது. விரித்துப் பார்த்தாலும் சதை மூடியதுபோலவே தெரியும். வெளியே ஒரு சொட்டும் வராமல் நெஞ்சுக்கூட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்க முடியும்.

இன்னொன்றைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மூச்சை முழுக்க வெளியே விடும்போது உதரவிதானம் ஏறக்குறைய முலைக்காம்பின் மட்டம் வரை மேலே வரும். அதற்குக் கீழே பட்ட ‘மார்புக் காயம்’ வலப்பக்கம் என்றால் கல்லீரலையும் இடப்பக்கம் என்றால் மண்ணீரலையும் கிழித்திருக்கலாம்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும், முழுவதுமாக. பொத்தானை மட்டும் அவிழ்த்துப் பார்த்தால் அக்குளிலும் முதுகிலும் இருக்கிற இரண்டாவது குத்து கண்ணில் படாது. மூச்சை எண்ண வேண்டும், இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், நிற்கவோ உட்காரவோ வைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதயத்துக்கு அருகில் என்றால் ஸ்கேனும் பார்க்க வேண்டும். ஆழம் பார்க்கிறேன் என்று காயத்துக்குள் விரலையோ கம்பியையோ விடவே கூடாது. அடைபட்டிருந்த வழியை நாமே திறந்துவிட்டதாகும். கத்தியால் குத்துப்பட்டவருக்கு முதல் படம் சுத்தமாக இருந்தாலும் 3 முதல் 6 மணி நேரம் வைத்திருந்து மறுபடி ஒரு படம் எடுப்பது வழக்கம். காற்றுக் கசிவு சிலருக்குத் தாமதமாகத்தான் தெரியவரும்.

“கீறினவனுக்கெல்லாம் எக்ஸ்ரேயா, காசு பிடுங்குற வேலை” என்பார்கள். முள்வேலி கிழித்த கோடு, நல்ல வெளிச்சத்தில் அடி வரை கண்ணுக்குத் தெரிகிற வெட்டு இவற்றுக்குப் படம் தேவையில்லை என்பது சரிதான். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மரக்க ஊசி போட்டுத் தைத்து, 7 முதல் 10 நாளில் தையல் பிரித்தால் போதும். மஞ்சளும் காபித்தூளும் வேண்டவே வேண்டாம். ஆனால் அடி தெரியாத காயத்தை மேல்காயம் என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஊசி விஷயத்திலும் ஒரு மூடநம்பிக்கை. ஆறு மாதத்துக்கு ஒரு டி.டி. என்று எங்கே போனாலும் சொல்கிறார்கள். தடுப்பூசித் தவணைகளை முறையாக முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் 10 ஆண்டும், அழுக்கான காயம் என்றால் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. அதைவிட, ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் நெஞ்சைப் பரிசோதிக்காமல் விட்டுவிடுவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

இதே அலட்சியம் காகிதத்திலும் தொடர்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளுக்கு நோய்க் குறியீடு போடும் வேலையைச் சென்னையில் ஏராளமான இளைஞர்கள் செய்கிறார்கள். 2015 அக்டோபர் முதல் அங்கே நடப்பில் உள்ள பட்டியலில் சிராய்ப்பு, கன்றல் போன்றவை எஸ்20. திறந்த காயம் எஸ்21. முன்பக்க மார்பில் வெட்டு, உள்ளே ஊடுருவவில்லை என்றால் எஸ்21.11, ஊடுருவியிருந்தால் எஸ்21.31. வலமா இடமா, முதல் சிகிச்சையா தொடர்சிகிச்சையா என்பதற்கும் தனித்தனி எழுத்து உண்டு. டாக்டர் “மார்பில் வெட்டுக்காயம்” என்று மட்டும் எழுதி ஊடுருவலைப் பற்றி வாய் திறக்காவிட்டால், குறியீடு ‘ஊடுருவவில்லை’ என்ற பக்கம்தான் போய் விழும். யாரும் பார்க்காத ஒன்று, பார்த்து இல்லையென்று சொன்னதாகப் பதிவாகிவிடுகிறது. குறியீடு போடுகிறவர் ஊகிக்கக் கூடாது. டாக்டரிடம் திருப்பிக் கேட்கத்தான் முடியும்.

நம் ஊரில் அடிதடியில் வந்த காயமென்றால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது நீதிமன்றம் வரை போகும். சாதாரணக் காயமா கொடுங்காயமா என்பதை அந்த எழுத்தை வைத்துத்தான் வாதாடுவார்கள். எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், அடி தெரிந்ததா, படம் எத்தனை மணிக்கு எடுத்தது, அதில் என்ன இருந்தது என்று எழுத இரண்டு நிமிடம் ஆகாது. தையல் போட்டு அனுப்பும்போது, மூச்சு வாங்கினாலோ தோள்பட்டை வலித்தாலோ தலை சுற்றினாலோ நள்ளிரவானாலும் திரும்பி வரச் சொல்லி அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.