ஊட்டி என்றொரு கிழங்கு கிடையாது

பாலக்காட்டை அடுத்த எங்கள் கஞ்சிக்கோட்டுக் காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கு மூன்று குவியலாகக் கிடக்கும். செம்மண் அப்பியிருப்பது ஊட்டி. வெளுத்து மழமழவென்று இருப்பது ஆக்ரா. நடுவில் சோகையாக ஒன்று, கோலார். "ஊட்டிங்க சார், மாவா இருக்கும், கண்ண மூடிட்டு எடுங்க" என்கிறார் கடைக்காரர். நாமும் கண்ணை மூடிக்கொண்டு, கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்து, மண்ணையும் சேர்த்து எடை போட்டு வாங்கி வருகிறோம். அந்தக் கண்ணை மூடுவதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

ஊட்டி ஓர் ஊர். அது கிழங்கின் இரகம் அல்ல. பக்கத்து முதலமடையில் மாம்பழம் வாங்கப் போகிறவர் "முதலமடை மாம்பழம் ஒரு கிலோ" என்று கேட்பதில்லை. பங்கனபள்ளியா, அல்போன்சாவா, சிந்தூரமா என்று கேட்கிறார். ஓணத்துக்கு உப்பேரி வறுக்கப் பூவன் தாரைக் கொடுத்தால் எந்தப் பாலக்காட்டுக்காரராவது வாங்குவாரா? நேந்திரன்தான் வேண்டும். அரிசி என்றால் மட்டையா, பொன்னியா என்ற கேள்வி வந்துவிடும். இத்தனை விவரமான நாக்கு உருளையிடம் வரும்போது மட்டும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் அடங்கிவிடுகிறது.

அந்த ஊர்ப்பெயராவது ஒரே கிழங்கைக் குறித்து வந்ததா என்றால், அதுவும் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், நீலகிரிக்கு உருளை ஏறியது. பின்னாளில் அங்கே வெகுகாலம் கோலோச்சிய இரகத்தின் பெயர் கிரேட் ஸ்காட். பெயரிலேயே பிறந்த ஊர் இருக்கிறது. நம் தாத்தாக்கள் "ஊட்டிக் கிழங்கு மாதிரி வருமா" என்று சப்புக்கொட்டியது அந்த ஸ்காட்லாந்துக்காரனைத்தான். பிறகு 1968இல் வெளியான குஃப்ரி ஜோதி வந்து மலை முழுக்கப் பரவியது. கிழங்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை, சப்புக்கொட்டலும் மாறவில்லை. இன்னொரு வேடிக்கை: கர்நாடகத்தில் கோலார், ஹாசன் பக்கம் பல்லாண்டாக நட்டுவருவதும் இதே ஜோதியைத்தான். கடையில் பக்கத்துப் பக்கத்துக் குவியலில், இரண்டு விலையில் கிடப்பவை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம்.

"பெயர் எதுவானால் என்ன, ஆக்ராக் கிழங்கு இனிக்கிறதே, ஊட்டி இனிப்பதில்லையே" என்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் குற்றவாளி ஊர் அல்ல. வட இந்தியாவில் குளிர்காலத்தில் விளைந்து, பிப்ரவரி, மார்ச்சில் தோண்டப்படும் கிழங்கு, மாதக்கணக்கில் 2 முதல் 4 டிகிரிக் குளிரில் குளிர்பதனக் கிடங்கில் கிடக்கிறது. அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். வறுத்தால் சீக்கிரம் கறுப்பதும், பொரியலில் அசட்டுத் தித்திப்பு தட்டுவதும் அதனால்தான். நீலகிரியில் ஆண்டுக்கு மூன்று போகம் எடுக்கிறார்கள். தோண்டிய கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, கிடங்கைப் பார்க்காமலே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாம் ஊட்டியின் ருசி என்று கொண்டாடுவதில் பாதி, கிடங்குக்குப் போகாததன் ருசி. மலைக்குளிரும் மண்ணும் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்கின்றன. ஆனால் இனித்த ஆக்ராக் கிழங்கையும் காற்றோட்டமான கூடையில் இரண்டு வாரம் போட்டு வைத்தால் தித்திப்பு பெருமளவு இறங்கிவிடும். செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டலாம்.

மாவாக இருப்பதும் அப்படித்தான். அது ஈரம் போக மிஞ்சும் திடப்பொருளின் கணக்கு. இரகம், முற்றிய அளவு, நிலம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும். முற்றாமல் தோண்டினால் எந்த ஊர்க் கிழங்கும் வழவழவென்றுதான் இருக்கும். பொடிமாஸுக்கும் போண்டாவுக்கும் மாவாக உடைவது வேண்டும். நம்மூர் இஷ்டுவுக்குத் தேங்காய்ப்பாலில் கரையாமல் நிற்பது வேண்டும். ஒரு குவியலே இரண்டுக்கும் சிறந்தது என்பது நடக்காத காரியம். சந்தேகம் இருந்தால் பதினொரு டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளர் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் பொடிமாஸ், மிதந்தால் இஷ்டு. செம்மண் இந்தச் சோதனையில் உதவாது. கழுவிவிட்டுத்தான் போட வேண்டும்.

சமையலறையில் ஏமாறுவதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஊர்ப்பெயர் மோகத்தின் பெரிய கேடு வயலில் இருக்கிறது.

1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் நீலகிரி மண்ணில் உருளையின் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். வேரில் கடுகைவிடச் சிறிய மணிகளாக ஒட்டியிருக்கும் அந்தக் கூடு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளை நடாமல் விட்டாலும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு காத்திருக்கும். வேர் வாடை பட்டதும் பொரியும். செடி மஞ்சளடித்துக் குட்டையாக நிற்கும், கிழங்கு கோலிக்குண்டாகும். கூடு மண்ணோடு ஒட்டிக்கொண்டே ஊர் மாறும் என்பதையும் கவனியுங்கள். நாம் தரச்சான்றாக மதிக்கும் அந்தச் செம்மண்தான் அதற்கு வாகனம். கொடைக்கானல் மலையும் தப்பவில்லை. 2018இல் இந்தப் புழுவின் காரணமாகவே தமிழ்நாடு, இமாச்சலம், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போக ஒன்றிய அரசு தடை போட்டது.

மருந்து இல்லாமல் இல்லை. ஊட்டியை அடுத்த முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. அங்கே இந்தப் புழுவுக்கு எதிராக உழைத்ததன் பலன் 1985இல் வெளிவந்த குஃப்ரி சுவர்ணா. நூற்புழுவையும் தாங்கும், பின்பருவக் கருகல் நோயையும் தாங்கும். அதன் பிறகு நீலிமா, சஹ்யாத்ரி என்று தம்பிகளும் வந்தார்கள். ஜோதிக்கு இந்தப் புழுவின் முன் தற்காப்பே இல்லை. 1968இல் கருகலைத் தாங்கும் என்று பெயர் வாங்கிய ஜோதியின் அந்த வலுவும் காலப்போக்கில் உடைந்துவிட்டது. உருளையையும் தக்காளியையும் தாக்கும் இந்தக் கருகல் கிருமி ஓரிடத்தில் நிற்கும் ஆசாமி அல்ல. 2009, 2010 வாக்கில் தென்னிந்தியத் தக்காளி வயல்களைத் துடைத்தெடுத்த கருகல், ஐரோப்பாவைப் பிடித்தாட்டிய அதே வகை என்று பின்னர் தெரிந்தது. 1845இல் அயர்லாந்து பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே இரகத்தை நம்பியிருந்தபோது கருகல் என்ன செய்தது என்பது உலகறிந்த கதை. பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்.

ஆகவே மலை விவசாயி இரகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாங்கும் இரகம் ஒரு போகம், தாங்காதது ஒரு போகம், நடுவில் கேரட்டோ பூண்டோ முட்டைக்கோஸோ. ஆனால் அவர் சுவர்ணாவை நட்டு, விஷமருந்தைக் குறைத்து விளைவித்தால் நாம் ஒரு ரூபாய் கூடத் தருகிறோமா? பருமன், நிறம், தோல், செம்மண் - விலை பேசும்போது இவ்வளவுதான் பேச்சு. பெயருக்கு விலை இல்லாத சந்தையில் நல்ல இரகம் எதற்காக நிலைக்கும்? ஊட்டி என்ற ஒரு சொல்லால் ஜோதியையும் சுவர்ணாவையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டியது நாம்தான். இடுக்கியின் எல்லையில் வட்டவடையிலும் காந்தல்லூரிலும் படிப்படியான வயல்களில் உருளை விளைகிறது. அந்த ஊர்ப் பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. "வட்டவடைக் கிழங்கு இருக்கா" என்று இங்கே யாராவது கேட்டு நான் காதால் கேட்டதில்லை. ஊர்ப்பெயர் பக்தியிலும் பாரபட்சம்!

இரகத்தின் அருமை தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கஞ்சிக்கோட்டுக்காரர்களுக்குப் பெப்சி என்றால் இங்கிருந்த அதன் ஆலையோடு நடந்த தண்ணீர்ச் சண்டை நினைவுக்கு வரும். அதே கம்பெனி 2019இல் குஜராத்தில், சிப்ஸுக்கான தன் இரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சொல்லி விவசாயிகள் மீது வழக்குப் போட்டு, சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்டது. கூச்சல் எழுந்ததும் சில வாரங்களிலேயே வழக்கை வாபஸ் வாங்கியது. அந்த வழக்கில் நான் விவசாயிகள் பக்கம். ஆனால் கம்பெனிக்குத் தன் கிழங்கின் பெயர் தெரியும், சர்க்கரை அளவு தெரியும். பத்து ரூபாய் பாக்கெட்டை உடைத்துத் தின்னும் நமக்குத்தான் ஒன்றும் தெரியாது.

மொட்டை மாடிப் பையில் கடை ஊட்டிக் கிழங்கை வெட்டி நட்டு, தழை மட்டும் அறுவடை செய்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கைராசியில் கோளாறு இல்லை. இரவு குளிர்ந்தால்தான் உருளைக்கு அடியில் கிழங்கு கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எங்கே குளிர்வது? வெப்பம் தாங்குவதற்கென்றே 2006இல் குஃப்ரி சூர்யா என்ற இரகம் வந்திருக்கிறது. மார்கழிக் குளிருக்குள் அடங்குகிற மாதிரி அதை நட்டுப் பாருங்கள், பங்குனி வெயிலில் வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். அடுத்த தடவை கடையில் "இது என்ன கிழங்குங்ணா?" என்று கேளுங்கள். "ஊட்டிங்க" என்று பதில் வரும். "ஊர் கேக்கலீங்ணா, பேர் கேட்டேன்" என்று சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் மண்டியில் போய் அவரும் கேட்பார்.