டேப் யாருக்கு? மேலிடத்துக்கா, பிள்ளைக்கா?



"டேப் கொடுத்தாச்சு, ஸ்மார்ட் வகுப்பறை வந்தாச்சு, இன்னும் என்னங்க குறை?" என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள். செலவு 101 கோடி ரூபாய்க்கு மேல். மக்கள் வரிப்பணம் அரசுப் பள்ளிக்குப் போவதை நாம் எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் மாட்டோம். நம் கேள்வி வேறு. அந்த டேப் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

வருகைப் பதிவு, மதிப்பீடு, எமிஸ் என்று எல்லாமே மேலே போகிற கணக்கு. 2023 அக்டோபரில் டிட்டோஜேக் ஆசிரியர்கள் போராட்டம் அறிவித்தபோது, இந்தப் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவிக்கச் சொன்னதும் முக்கியக் கோரிக்கை. பாடம் நடத்த வந்தவரை டைப் அடிக்க உட்கார வைத்தால் அவர் வேறென்ன கேட்பார்?

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்கோங்க. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பெயர் அழகுதான். ஆனால் தான் ஏன் இன்னும் அரும்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? ஆப்புக்குத் தெரியும், மேலே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்குத் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

ஒரு கணக்கு சொல்றோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கணும். பிள்ளை 35 என்று எழுதுகிறது. ஆப்பில் 'தவறு' என்று ஒரு தட்டு, முடிஞ்சது. ஆனால் அந்தப் பிள்ளை சும்மா எழுதவில்லை. 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்தது. அதற்குள்ளும் ஒரு யோசனை இருக்கு. அந்த யோசனையைப் பிள்ளையே திரும்பிப் பார்த்தால்தான் தவறு திருந்தும்.

டேப்பால் இதைச் செய்ய முடியும். பிள்ளை விரலால் எழுதும்போதே படிப்படியாகப் பதிவு செய்யலாம், பிறகு அதையே ஓட்டிக் காட்டலாம். "எப்படிச் செஞ்சே, சொல்லு" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பிள்ளையின் குரலைப் பதியலாம். சரி, தப்பு என்று சத்தம் போடக் கூடாது. மார்க், நட்சத்திரம், பலூன் எதுவும் வேண்டாம். தன் குரலைத் தானே கேட்கிறபோது பாதிப் பிள்ளைகள் நடுவிலேயே "அய்யோ, இங்க தப்புப் பண்ணிட்டேன்" என்பார்கள். மீதிப் பேருக்கு எங்கே சிக்கல் என்று ஆசிரியருக்குப் புரியும். மூணு மாசம் கழித்துப் பழைய பதிவைப் போட்டால், தான் எவ்வளவு தூரம் வந்திருக்கோம் என்று பிள்ளைக்கே தெரியும்.

எழுத்து இன்னும் கைக்கு வராத ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையும் பேசும். அதுவும் அறந்தாங்கிப் பேச்சில், கோட்டைப்பட்டினம் கடற்கரைப் பேச்சில் பேசும். அதைத் 'திருத்துகிற' மென்பொருள் நமக்கு வேண்டாம். நெட் இல்லாவிட்டாலும் அது ஓடணும். டேப் ஆசிரியருக்கு ஒன்றுதான், அதனால் நாலைந்து பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து முறை வைத்துப் பயன்படுத்துகிற மாதிரி அமைக்கணும். முக்கியமாக, அந்தக் குரல் வகுப்பறையைத் தாண்டி எந்தக் கம்பெனி சர்வருக்கும் போகக் கூடாது.

இது ஏதோ அமெரிக்கக் கனவு இல்லை (அங்கேயும் 1972-லேயே ஆலன் கே 'டைனாபுக்' என்று கையில் தூக்கிப் போகிற கணினியைக் கற்பனை செய்தது குழந்தைகளை மனதில் வைத்துத்தான்). நம் செயல்வழிக் கற்றலை மறந்துட்டீங்களா? 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்ததே! ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும், அடுத்த அட்டையைத் தானே எடுக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளை கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரும்பலகை பிள்ளையைப் பார்த்து இருந்தது.

இது அறிவொளி நடந்த மாவட்டம், தோழர்களே. 1991-ல் புதுக்கோட்டைக் கிராமங்களில் வயது வந்த பெண்கள் எழுத்துப் படித்தது வெறும் கையெழுத்துப் போட இல்லை. தங்கள் கூலியைப் பற்றி, குடும்பத்தைப் பற்றிப் பேசிப் பேசித்தான் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு டேப்பில் வெறும் டிக் அடிக்கிற படிப்பா?

"ஸ்வீடனே புத்தகத்துக்குத் திரும்பிட்டுதே" என்கிறார்கள். அங்கே பிள்ளையிடம் திரை அதிகமாகிப்போச்சு, குறைக்கிறார்கள். இங்கே பிள்ளை கைக்கு அது வரவே இல்லை. நாம் கேட்பதும் நாள் முழுக்கத் திரை இல்லை, ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். புத்தகம், நோட்டு, கரும்பலகை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பணம் இல்லை என்பார்கள். 2024–25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை பிஎம் ஸ்ரீயில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு பிடித்து வைத்தது அக்கிரமம், அதை எதிர்த்து நிற்கிறோம். ஆனால் நாம் கேட்பது புது டேப் இல்லை. வாங்கிய டேப்பில் வேறு மென்பொருள். அதை வடிவமைக்கும்போது ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்களை உட்கார வையுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியத் தோழர்களே, பெற்றோர்களே! அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்க. "எங்க பிள்ளை இந்த டேப்பைத் தொட்டுச்சா? தொட்டு என்ன செஞ்சுச்சு?" என்று கேளுங்க. ஆசிரியரிடம் சண்டை வேண்டாம், அவரும் நம் பக்கம்தான். பதிலைத் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்க, நகல் நம் ஒன்றிய அலுவலகத்துக்கு.

#டேப்_பிள்ளைக்கு #அறந்தாங்கி #அரசுப்பள்ளி_நம்பள்ளி